கோவா சோரிஸ் உருளைக்கிழங்கு: எண்ணெய், உப்பு, மசாலா மூன்றும் வேண்டாம்

கோவாவின் சந்தைகளில் செங்கல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகளை நூலில் முடிந்து, ஜெபமாலைபோலச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கிட்டே போனால் வினிகரும் பூண்டும் புகையும் கலந்த வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். அதுதான் சோரிஸ், கோவாவின் பன்றி இறைச்சி சாஸேஜ். 1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர் 1961 வரை அங்கே இருந்தார்கள். அவர்கள் ஊரின் ஷோரிஸோ என்ற சாஸேஜில் ஒயின் சேரும் இடத்தில் கோவாக்காரர்கள் தென்னங்கள் வினிகரை ஊற்றினார்கள், மிளகாயைத் தாராளமாக அரைத்துச் சேர்த்தார்கள், சீரகம், கிராம்பு, பட்டை, மஞ்சள் எல்லாம் உள்ளே போயின. உருளைக்கிழங்கும் போர்த்துக்கீசியர் வழி வந்ததுதான். கொங்கணியில் அதன் பெயரான படாட்டோவே அவர்கள் சொல்லில் இருந்து பிறந்தது. இரண்டையும் வெங்காயத்தோடு சேர்த்துப் புரட்டி, பாவ் ரொட்டியோடு சாப்பிடுவது கோவா கத்தோலிக்க வீடுகளில் அன்றாடச் சமையல்.

முதல்முறை செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சாதாரண இறைச்சிக் குழம்பு வைக்கிற கையோடு எண்ணெய் காயவைத்து, இஞ்சி பூண்டு விழுது வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, உப்பும் சேர்த்துவிடுகிறார்கள். சோரிஸுக்குள் இவை எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு கிலோ இறைச்சிக்கு 30 முதல் 40 கிராம் உப்பு போட்டுத்தான் ஊறவைப்பார்கள். காயக் காய நீர் வற்றி அந்த உப்பு இன்னும் செறியும். ஆக, 250 கிராம் சோரிஸில் எட்டு, பத்து கிராமாவது உப்பு உண்டு. கிழங்கு, வெங்காயம் எல்லாம் சேர்த்துச் சட்டியில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் அந்த உப்பு அதற்குக் கச்சிதம். மேலே ஒரு சிட்டிகை போட்டாலும் கரிக்கும்.

சோரிஸ் வாங்கும்போது

வடக்கு கோவாவில் மாப்புசா சந்தை, குறிப்பாக வெள்ளிக்கிழமை; தெற்கே மட்காவ் சந்தை. இரண்டிலும் வீட்டில் செய்த சரங்கள் கிடைக்கும். மழைக்காலத்தில் வெயில் இருக்காது என்பதால், அதற்கு முன்பே காயவைத்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுச் சேமிப்பது பழைய வழக்கம். மழைக்கு முன் இப்படிச் சேர்த்துவைக்கும் பண்டங்களுக்குக் கோவாவில் புருமென்த் என்று பெயர். கருவாடு, ஊறுகாய், மிளகாய், சோரிஸ் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். நல்ல சோரிஸ் வெளியே உலர்ந்து, உள்ளே சற்றே நெகிழும். கல் மாதிரி இருந்தால் மாதக்கணக்கில் தொங்கியது. சமைக்கலாம், நேரம் கூட ஆகும். கொழகொழவென்று இருந்தால் சரியாகக் காயவில்லை. நிறம் கருஞ்சிவப்பாகவோ செங்கல் நிறமாகவோ இருக்க வேண்டும். பளீரென்ற ரோஸ் சிவப்பு என்றால் சாயம் என்று சந்தேகப்படுங்கள். உருண்டைக்குள் தெரியும் கொழுப்புத் துண்டு வெள்ளையாக, மிளகாய் ஏறிய ஆரஞ்சாக இருக்கலாம். மஞ்சளித்துப்போய்ப் பழைய எண்ணெய் நாற்றம் அடித்தால் சிக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம், எந்தச் சமையலாலும் அதை மறைக்க முடியாது. பச்சை, கறுப்புப் பூஞ்சை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பாக்கெட்டில் குளிரூட்டி விற்கும் ஆலைத் தயாரிப்பில் கொழுப்பும் புளிப்பும் பொதுவாகக் குறைவு. அதுவும் உதவும், கடைசியில் ஒரு தேக்கரண்டி வினிகர் கூடுதலாகத் தேவைப்படலாம். எது வாங்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது: கோவா சோரிஸ் காய்ந்த பச்சை இறைச்சி. ஐரோப்பியச் சலாமி மாதிரி வெட்டி அப்படியே வாயில் போடக் கூடாது. நன்றாக வேகவைத்தே தீர வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும். கீழே சொல்லும் முறையில் அதைவிட வெகுநேரம் கொதிநிலையில் இருக்கும், எனவே கவலை இல்லை.

நான்கு பேருக்கு

சோரிஸ் 250 கிராம். உருளைக்கிழங்கு 400 கிராம், நடுத்தர அளவில் நான்கு. பெரிய வெங்காயம் 300 கிராம், அதாவது மூன்று. பச்சை மிளகாய் இரண்டு. தக்காளி ஒன்று, விருப்பம் இருந்தால். தண்ணீர் சுமார் 400 மில்லி. ஒரு சிட்டிகை சர்க்கரை. தென்னங்கள் வினிகர் ஒரு தேக்கரண்டி, கடைசியில் ருசி பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும்.

எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, மசாலாத் தூள் எதுவும் இல்லை. கடுகு, கறிவேப்பிலை தாளிக்கக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். வினிகரும் கிராம்பும் இருக்கும் இடத்தில் கறிவேப்பிலை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

கிழங்கில் மாவுத்தன்மை அதிகமானது கரைந்து கூழாகிவிடும். எது எப்படி என்று தெரிய, ஒன்றை இரண்டாக வெட்டி, வெட்டிய முகங்களை ஒன்றோடொன்று தேயுங்கள். வெள்ளையாகப் பால் மாதிரி நிறையக் கசிந்தால் மாவு அதிகம். குறைவாகக் கசிவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த கிழங்கு வேண்டாம். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறி, தித்திப்பும் சீக்கிரம் கருகும் குணமும் வந்துவிடும்.

பாத்திரம்: கோவாவில் மண்சட்டி. இல்லாவிட்டால் அடி கனமான எவர்சில்வர். வினிகர் இருப்பதால் அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை இரண்டும் ஆகாது. சரியாகப் பழக்காத இரும்பு வாணலியில் செய்தால் குழம்பு கறுத்து, நாக்கில் இரும்பு ருசி நிற்கும்.

முதலில் நூல்

சரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். அதற்கு மேல் ஊறினால் ருசி தண்ணீரோடு போகும். தோல் இளகியதும் உருண்டைகளுக்கு நடுவே நூல் முடிச்சுகளைக் கத்தரித்து, ஒவ்வொரு உருண்டையையும் நீளவாக்கில் கீறினால் குடல்தோல் காகிதம்போல உரிந்து வரும். தோலோடு சமைப்பவர்களும் உண்டு. ஆனால் பழைய சரத்தின் தோல் வெந்தும் ரப்பர் மாதிரி மெல்ல வைக்கும், உரித்துவிடுவதே மேல்.

நூலில் கவனம் வேண்டும். உருண்டைக்கு இரண்டு முடிச்சு, அவை இறைச்சியின் மடிப்புக்குள் புதைந்து மிளகாய் நிறமும் ஏறி, கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். எடுத்த நூல் துண்டுகளை ஒரு தட்டின் ஓரமாக வரிசையாக வைத்து, உருண்டைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாப்பிடும்போது பல்லில் நூல் சிக்குவது இந்தச் சமையலின் நிரந்தரப் புகார். மரப்பலகையில் செய்தால் சிவப்புக் கறை போகாது, பழைய தட்டு போதும். கையில் மிளகாய் ஏறும். முடித்ததும் கண்ணைத் தொடாதீர்கள்.

உள்ளே இருக்கும் இறைச்சி ஏற்கெனவே சிறு துண்டுகள்தான். ஒட்டிக்கொண்டிருப்பதை விரலால் உதிர்த்துவிட்டால் போதும், மேலும் நறுக்க வேண்டாம்.

கிழங்கைத் தனியாக வேகவைப்பது ஏன்

சோரிஸோடு கிழங்கைப் பச்சையாகப் போட்டால் நாற்பது நிமிடம் ஆனாலும் நடுவில் கடுக் கடுக்கென்று நிற்கும். அடுப்பைக் குறை சொல்வார்கள், கிழங்கைக் குறை சொல்வார்கள். காரணம் வினிகர். கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை, சாதாரணத் தண்ணீரில் சூடேறும்போது கரைந்து வழிவிடும். புளிப்பான தண்ணீரில் அது கரைய மறுக்கும். புளிக்குழம்பில் கிழங்கையோ வாழைக்காயையோ பச்சையாகப் போட்டவர்களுக்கு இது புதிதல்ல.

அதனால் கிழங்கைத் தோல் சீவி, இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, 400 மில்லி தண்ணீரில் உப்பில்லாமல் கொதிக்க வையுங்கள். கொதி வந்து ஆறேழு நிமிடம். கத்தி முனை உள்ளே போக வேண்டும், ஆனால் கடைசியில் ஒரு சின்னத் தடை இருக்க வேண்டும், முக்கால் வேக்காடு. உடனே வடித்து, தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அதில் இறங்கியிருக்கும் மாவு பின்னால் கொழுப்பையும் வினிகரையும் சேர்த்துப் பிடித்து, குழம்புக்குக் கெட்டி கொடுக்கும்.

இந்தப் புளிப்பு விஷயத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. முக்கால் வேக்காட்டுக் கிழங்கு சோரிஸ் சாற்றில் விழுந்த பிறகு எளிதில் குழையாது, ஓரம் மழுங்காமல் முழுதாக நிற்கும்.

சட்டியில்

சோரிஸை வெறும் சட்டியில் போட்டு, கிழங்கு வடித்த தண்ணீரில் 250 மில்லி ஊற்றி, அதன் பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். காய்ந்த சட்டியில் போட்டு வறுத்தால் இறைச்சியில் அப்பியிருக்கும் மிளகாய் விழுதும் பூண்டும் ஒரே நிமிடத்தில் தீய்ந்து கசக்கும், கொழுப்போ இன்னும் உருகத் தொடங்கியிருக்காது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்த நிதானத்தில் இறைச்சி இளகும், கொழுப்பு மெல்ல இறங்கும், மிளகாயின் நிறம் கொழுப்புக்குள் போகும்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, 15 முதல் 20 நிமிடம். கல்லாகக் காய்ந்த சரமென்றால் 35 நிமிடம்வரை ஆகும். இடையில் சுடுதண்ணீர் அரைக் கோப்பை சேர்க்கலாம். வெள்ளையாக இருந்த கொழுப்புத் துண்டுகள் கண்ணாடிபோல ஆகும்போது, ஒரு இறைச்சித் துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நார் பிரிந்து வந்தால் வெந்தது. இழுத்தால் இன்னும் நேரம் வேண்டும்.

இப்போது மூடியைத் திறந்து தீயை நடுத்தரமாக்குங்கள். இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சத்தம் தளதளவென்று கனமாக இருக்கும். வற்ற வற்ற அது மெலிந்து, சட்டென்று சடசடவென்று மாறும். தண்ணீர் தீர்ந்து கொழுப்பில் பொரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கணத்தில் தீயைக் குறைத்து, சட்டியைச் சாய்த்துப் பாருங்கள். உருகிய சிவந்த கொழுப்பு குளமாக ஒதுங்கும். இரண்டு மேசைக்கரண்டி சட்டியில் இருக்கட்டும். மீதியைக் கரண்டியால் வழித்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். சில சரங்களில் வழிப்பதற்கு எதுவும் இருக்காது, அதுவும் சரிதான்.

வெங்காயம் இரண்டு தவணையாகப் போகும். நீளவாக்கில் தடிமனாக அரிந்த வெங்காயத்தில் மூன்றில் இரண்டு பங்கை இப்போது சேர்த்து, ஏழெட்டு நிமிடம் வதக்குங்கள். அதன் ஈரம் சட்டியின் அடியில் பிடித்த மசாலாவைக் கிளப்பிக் கொடுக்கும். வெங்காயம் பொன்னிறம் ஆக வேண்டியதில்லை, துவண்டு சிவந்தால் போதும். அதன் தித்திப்புதான் வினிகருக்கு ஈடு. அதனால்தான் அளவு இவ்வளவு. கண்ணுக்கு அதிகமாகத் தெரிகிறதென்று குறைக்காதீர்கள். தக்காளி போடுகிறவர்கள் இங்கே போட்டுக் கரைய விடலாம். ஏற்கெனவே புளிப்பான பண்டத்தில் தக்காளி அவசியமில்லை என்பதே எங்கள் கட்சி, ஆலைச் சோரிஸுக்கு மட்டும் தக்காளி பொருந்தும்.

அடுத்து கிழங்கு. மீதமிருக்கும் கிழங்குத் தண்ணீரில் கால் கோப்பை ஊற்றி, ஒருமுறை அடியிலிருந்து மேலாகப் புரட்டி, மூடி எட்டு நிமிடம் சிறுதீயில் விடுங்கள். கிழங்கு உப்பையும் கொழுப்பையும் குடிக்கும் நேரம் இது. திறந்து நான்கைந்து நிமிடம் தீயைக் கூட்டி, கரண்டியால் கிளறாமல் சட்டியைக் குலுக்கிப் புரட்டினால் கிழங்கின் முகங்கள் ஓரத்தில் லேசாக முறுகும். ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். வெளியே சிவப்பு, உள்ளே ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு, நடுவில் வெள்ளை. இது சரியான பதம்.

இப்போதுதான் ருசி பார்க்க வேண்டும். புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை ஒரு சிட்டிகை. மந்தமாக இருந்தால் வினிகர் ஒரு தேக்கரண்டி. உப்பு போதவில்லை என்று தோன்றினால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். சூட்டில் உப்பு சரியாகத் தெரியாது. கடைசியாக, எடுத்துவைத்த வெங்காயத்தையும் கீறிய பச்சை மிளகாயையும் போட்டு இரண்டே நிமிடம். பல்லில் நறுக்கென்று படும் அந்த வெங்காயம் இல்லாவிட்டால் கொழுப்பு நாக்கில் கனக்கும்.

இறக்கி, மூடி, அரை மணி நேரம் வையுங்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், வினிகர் உள்ள எல்லாக் கறிக்கும் இது பொதுவான குணம்.

எங்கே கெடுகிறது

கரித்துப்போனால் தண்ணீர் ஊற்றுவது பலன் தராது, அது குழம்பை மட்டும் நீர்த்துவிடும். இன்னும் இரண்டு கிழங்கைத் தனியாக வேகவைத்து, இன்னொரு வெங்காயத்தையும் வதக்கிச் சேருங்கள். அதிகக் காரத்துக்கும் இதே மருந்து. தயிர், தேங்காய்ப்பால் ஊற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு; தயிர் வினிகரில் திரிந்துவிடும், தேங்காய்ப்பால் ஊற்றினால் அது வேறு கறியாகிவிடும்.

கசப்பு வந்தால் மிளகாயோ பூண்டோ கருகிவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை. அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பாதியாவது தப்பும்.

கிழங்கு கடுக்கென்று நிற்கிறதா? அது வேகும் என்று காத்திருக்காதீர்கள். துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, வெறும் தண்ணீரில் வேகவைத்துத் திரும்பச் சேருங்கள். குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விடுவது அடுத்த கோடி: கிழங்கு மசிந்து, கொழுப்பெல்லாம் அதற்குள் கலந்து, களிபோல ஆகிவிடும். மிகக் காய்ந்த சோரிஸை மட்டும் தனியாக ஒரு விசில் விடலாம்.

சோரிஸ் கிடைக்காத ஊரில்

குடலில் அடைத்து வெயிலில் காயவைக்கும் வேலையை ஈரமான காற்றுள்ள ஊர்களில், பழக்கமில்லாமல் செய்ய வேண்டாம். காய்வதற்குள் கெட்டுவிடும், கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அதே மசாலாவில் இறைச்சியை ஃப்ரிட்ஜில் ஊறவைத்து அப்படியே சமைப்பது பாதுகாப்பானது. புகை வாசனை வராது, மற்றபடி பக்கத்தில் வந்துவிடும்.

ஒரு கிலோ பன்றித் தோள்கறி, முப்பது சதவீதம் கொழுப்போடு. கொத்துக்கறி ஆகாது, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகள். 25 கிராம் உப்பு பிசறி, மேலே கனமான தட்டு வைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு இரவு விடுங்கள். காலையில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். காஷ்மீரி மிளகாய் 40 கிராம், பூண்டு 40 கிராம், இஞ்சி 20 கிராம், சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கிராம்பு பத்து, விரல் நீளப் பட்டை ஒன்று, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. இவற்றை 175 மில்லி வினிகரில் ஊறவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் விழுதாக அரைத்துப் பிசறுங்கள். கோவாவில் மிளகாயின் ஒரு பங்காகக் காணகோணப் பக்கத்துக் கோலா மிளகாய் போடுபவர்கள் உண்டு. நிறம், காரம் இரண்டும் கொடுக்கும். ஒரு மூடி ஃபெனி, அதாவது கோவாவின் முந்திரிப்பழச் சாராயம், சேர்ப்பவர்களும் உண்டு.

தென்னங்கள் வினிகர் கிடைக்காவிட்டால் ஆப்பிள் சிடர் வினிகர். மளிகைக் கடையில் செயற்கை வினிகர் என்று எழுதிய வெள்ளைப் புட்டி மூக்கைத் துளைக்குமே தவிர ருசி தராது.

மூன்று நாள் ஃப்ரிட்ஜில், தினம் ஒருமுறை உலர்ந்த கரண்டியால் புரட்டி வையுங்கள். அதன்பின் 250 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீசரில் போடலாம். இது காயாத இறைச்சி. மேலே சொன்ன முறையில் 150 மில்லி தண்ணீர் போதும், முடிவில் அரைத் தேக்கரண்டி உப்பு தேவைப்படலாம்.

எதோடு சாப்பிடுவது

பாவுக்குள் வைப்பதானால் நன்றாக வற்ற விடுங்கள். கோவாவில் காலையும் மாலையும் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரை பொதேர் என்பார்கள். அவர் கூடையில் மெத்தென்ற பாவ், மேலோடு கடினமான வட்ட உண்டோ, தவிடு தூவிய போய் எல்லாம் இருக்கும். இந்தக் கறிக்கு உண்டோ அல்லது போய். போய்க்கு உள்ளே பை மாதிரி இடம் இருக்கிறது, உண்டோவுக்கு மேலோடு கெட்டி; இரண்டும் கொழுப்பை உறிஞ்சியும் கிழியாது. மெத்தென்ற பாவ் இரண்டாவது கடியிலேயே கையில் வழியும். சோற்றுக்கு என்றால் கிழங்கைப் போடும்போது இன்னும் அரைக் கோப்பைத் தண்ணீர் சேர்த்து, தளர்வாக இறக்குங்கள்.

இதை விண்டாலூ என்று சொல்லிப் பரிமாறாதீர்கள். அந்தப் பெயரில் இருப்பது இந்தியில் உருளைக்கிழங்கைக் குறிக்கும் ஆலு அல்ல, போர்த்துக்கீசிய மொழியில் பூண்டைக் குறிக்கும் அல்யோ. கோவா விண்டாலூவில் கிழங்கு கிடையாது.

மிச்சம் மூன்று நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும். சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிச் சிறுதீயில். புட்டியில் வழித்துவைத்த சிவந்த கொழுப்பு ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும்; ஒரு தேக்கரண்டியைத் தோசைக்கல்லில் இட்டு முட்டையை உடைத்து ஊற்றினால் வேறெதுவும் வேண்டாம், உப்புகூட.